கொளஞ்சியப்பர் வாசலில் என் மேல் ஒரு பிராது

கொளஞ்சியப்பனை நம்பியிருக்கும் அன்பர்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நடந்ததை, என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன வருஷம் மாசி மாதம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து சரக்கு இறக்கும் வேலை எனக்கு. அன்றைக்கு இடது கால் செருப்பு அறுந்துவிட்டது. அப்படியே வேலை பார்த்தேன். திடீரென்று கூட வேலை செய்கிற முருகேசன் கத்தினான்.

"அண்ணே, கால எடுங்க!"

குனிந்து பார்த்தேன். கொதிக்கிற பீங்கான் சில்லின் மேல் நின்றுகொண்டிருந்தேன். தோல் வெந்துபோயிருந்தது. எனக்குத் துளி வலிகூட இல்லை. அதை நினைத்துத்தான் பயந்தேன்.

ஐந்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மூன்று வேளையும் சோற்றை வெளுத்துக் கட்டுவேன். வீட்டுக்குத் தெரியாமல் பரோட்டா வேறு. புண் ஆற ஒரு மாதம் ஆனது. டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவ தப்பிச்சிட்டீங்க. இப்புடியே இருந்தா அடுத்து விரலு போவும், அப்புறம் காலு. இன்சுலின் ஊசிதான் போட்டாவணும்."

ஒற்றைக் காலோடு சூளை வேலை எப்படிச் செய்வது? வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதேன்.

நேராகக் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனேன். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன், கொளஞ்சியப்பர் எங்கள் பக்கத்து முருகன். அங்கே குறையை மனுவாக எழுதிக் கட்டுவோம். அதற்குப் பெயர் பிராது. தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்த்து வைப்பார். தீர்ந்ததும் வழக்கை முடித்துக்கொள்வதாக ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். நான் 'என் எதிரி சர்க்கரை வியாதி' என்று எழுதிக் கட்டினேன். என் மனைவி செல்வியும் ஏதோ எழுதிக் கட்டினாள். கேட்டேன், சொல்லவில்லை.

சாப்பாட்டை நன்றாகக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்று போனில் பார்த்திருந்தேன். அன்றே ஆரம்பித்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை, ஊசிக்கும் போகவில்லை. சாமியிடம் பிராது கட்டிவிட்டுப் போலீஸுக்குப் போகிறவனை எங்கள் பக்கம் மதிக்க மாட்டார்கள். அதே கணக்கை டாக்டருக்கும் போட்டுவிட்டேன். ஒரு வழக்குக்கு இரண்டு கோர்ட்டா என்று எனக்கு வீம்பு.

பத்தாம் நாள். காலையில் வழக்கமான மாத்திரைகள், ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். சூளைப் பக்கத்தில் வியர்த்துக் கொட்டியது. அங்கே எல்லாருக்கும்தான் வியர்க்கும், யாரும் கவனிக்கவில்லை. கை நடுங்கியது. கண் இருட்டியது. சரக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டேன். பிடி வழுக்கியது. 'முருகா, நெருப்புல தள்ளிடாதடா!' என்று கத்தினேன். சத்தம் வெளியே வந்ததா தெரியாது.

முருகேசன் எப்படித் திரும்பினான் என்று இன்றைக்கும் அவனுக்கே தெரியவில்லை. "என்னண்ணே, ஒளர்றீங்க?" என்று ஓடிவந்து தாங்கினான். அவன் கையிலிருந்த இனிப்பு டீயைச் சிறுகச் சிறுகக் குடிக்க வைத்தான். எந்தச் சர்க்கரையின் மேல் பிராது கட்டினேனோ, அதுதான் அன்றைக்கு என் உயிரைப் பிடித்து வைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு வந்த கோபம்! "மாத்திரையப் போட்டுக்கிட்டுப் பட்டினி கெடந்தா சர்க்கரை தரைமட்டத்துக்கு எறங்கிடும். யார கேட்டு செஞ்சீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரோட்டாவையும், பிராதையும்கூட. அவர் சிரிக்கவில்லை.

"டாக்டருகிட்ட சொல்லாதன்னு உங்க சாமி சொன்னாரா?"

பக்கத்தில் நின்ற செல்வி விசும்பி அழுதாள். "எம் பிராது தீந்துடுச்சுங்க" என்றாள். "இவரு எல்லாத்தையும் மறைக்கிறாரு, உண்மைய பேச வை சாமின்னு இவரு மேலதான் கட்டுனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி முதலில் அவளுடைய மனுவைத்தான் எடுத்திருக்கிறார்.

எல்லா டெஸ்ட்டும் எடுத்த பிறகு, சாப்பாட்டைக் குறைப்பதை டாக்டரம்மாவே முறையாக ஆரம்பித்து வைத்தார். மாத்திரைகளை நிறுத்தினார். வாரா வாரம் வரச் சொன்னார். சோறு கிடையாது. முட்டை, கீரை, சுரைக்காய், கைப்பிடி சுண்டல், மோர். கருவேப்பிலங்குறிச்சியில் சொந்தத் தங்கை மகள் கல்யாணம், பந்திப் பக்கம் தலைகாட்டாமல் வந்தேன். எரிந்து விழுந்தேன். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். செல்வி அதை எடுத்துக் கழுவி மறுபடி கீரை வைத்தாள்.

எண்பத்தெட்டாம் நாள் ரத்தம் கொடுத்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படிக்கும்போது செல்வியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பதிமூன்று கிலோ குறைந்திருந்தது. மாத்திரை இல்லாமலே வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றெட்டு. முன்பு இருநூற்று அறுபது.

"போயிடுச்சின்னு நெனைக்காதீங்க. அடங்கியிருக்குது. எடை ஏறுனா திரும்ப வரும். எல்லாருக்கும் இப்புடி நடக்காது, உங்களுக்கு நடந்திருக்குது."

அன்றைக்கே கோயிலுக்குப் போய் இருவரும் ராஜினாமா கொடுத்தோம். கிளம்பலாம் என்றேன். செல்வி நகரவில்லை. புதுசாக ஒரு பிராது எழுத வேண்டும் என்றாள். அங்கே எழுதித் தருகிறவர், "எதிரி பேரு சொல்லும்மா" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட என் பெயரை வாயால் சொல்லாதவள், சன்னதியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "ராசேந்திரன்."

அன்பர்களே, உங்கள் குறையைக் கொளஞ்சியப்பனிடம் சொல்லுங்கள், கைவிட மாட்டான். அதே வாயால் டாக்டரிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவரையும் அவன்தான் அனுப்புகிறான்.

மறுபடி பரோட்டாப் பக்கம் போகக் கூடாதென்று அவள் என் மேல் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. நானும் நடக்கிறேன், இரண்டு காலாலும்.