அவர் கண்ணில் மட்டும் வளர்ந்த நட்சத்திரம்

பெயிண்ட் கடையில் அவருக்குப் பட்டப்பெயர் வெள்ளைக்காரர். ஆள் நல்ல கறுப்பு. சுவருக்கான வெள்ளையை, நிற அட்டை பார்க்காமல் கண்ணளவிலேயே கலந்து தருபவர். மஞ்சள் தெரியாமலிருக்க ஒரு டின்னுக்கு நீலம் எத்தனை சொட்டு என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

வீட்டில் இன்னொரு வேலை இருந்தது. வெளிச்சம் கூடிக் குறையும் சிவப்பு நட்சத்திரம் ஒன்றை இருபது வருடமாகக் கவனித்துவந்தார். பக்கத்தில் மாறாமல் நிற்கும் இரண்டு வெள்ளை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளவு குறிப்பார். முறைக்கக் கூடாது, பார்க்கப் பார்க்கச் சிவப்பு கூடிக்கொண்டே போகும். சட்டென்று ஒரு பார்வை, அவ்வளவுதான். குறிப்பு மாதாமாதம் வானியல் சங்கத்துக்குப் போகும்.

ஒருநாள் சங்கச் செயலாளர் கடைக்கே வந்து வரைபடத்தை விரித்தார். எல்லோருடைய புள்ளிகளும் அலைபோல ஏறி இறங்கின. ஒரு வரிசை மட்டும் பிரிந்து, வருடத்துக்கு வருடம் மேலே போயிருந்தது.

"யாருங்க இது?"

"நீங்கதான். எட்டு வருஷமா உங்களுக்கு மட்டும் அது பிரகாசமாயிட்டே வருது. டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்கண்ணே."

கண்புரை. கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை வடிகட்டியதில் வெள்ளை நட்சத்திரங்கள் மங்கி, சிவப்பு தூக்கலாகத் தெரிந்திருக்கிறது. முதலில் வலது கண்ணுக்குப் புது லென்ஸ் வைத்தார்கள்.

கட்டுப் பிரித்த அன்று மனைவியோடு நடந்து வந்தவர், தெருமுனையில் நின்றுவிட்டார். அவர் கலந்த சுவர்களெல்லாம் நீலம். பழைய வீடுகளில் லேசாக. போன வருடத்தவற்றில் அழுத்தமாக. வரைபடத்தில் பிரிந்துபோன அந்த வரிசை, தெருவில் சுவர் சுவராக நின்றது. வலது கண்ணை மூடினார்: எல்லாம் வெள்ளை. திறந்தார்: நீலம்.

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போச்சு.

படுக்கையறையில் மனைவி சுவரோரம் நின்றபோது, தண்ணீருக்கடியில் நிற்பதுபோல இருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரு முழுக்கத் தெரியும்."

"ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நான் சொன்னேன். எனக்கே கலர் சொல்லித் தர்றியான்னு குதிச்சீங்க. அப்புறம் பழகிடுச்சு. இப்பல்லாம் வெறும் வெள்ளையைப் பார்த்தா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது."

திங்கட்கிழமை, புதுக் கண்ணால் சுத்தமான வெள்ளை கலந்தார். வந்தவர் மூடியைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது வெள்ளை இல்லையேண்ணே. எதிர்வீட்டுக்குக் கொடுத்தீங்களே, அந்த வெள்ளை வேணும்."

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு டின் திரும்பி வந்தன.

"என்னய்யா, கண்புரையை எடுக்கச் சொன்னா கைராசியையும் எடுத்துட்டாங்களா?" என்றார் முதலாளி.

அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு நீலத்தைச் சொட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்து. டின் வெள்ளையாகும்வரை.

"இதுதாண்ணே!" என்றார் அடுத்து வந்தவர்.

இடது கண்ணுக்குத் தேதி சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. அவர் எடுக்கவில்லை. சங்கத்துக்கு வலது கண் பார்ப்பதை மட்டும் எழுதி அனுப்புகிறார். இடது கண்ணில் அந்த நட்சத்திரம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.