அக்கா போட்ட சீருடை

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கேட்பவர்களிடம் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். நாவலூரில் நான் வேலை செய்யும் ஆபீசில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் பள்ளிச் சீருடையை முதலில் போட்டுக்கொண்டது அக்கா.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். உடம்பு என் அளவுதான். பிறந்ததிலிருந்தே கால்கள் விறைப்பு. கம்பி வைத்த பூட்ஸை மாட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பேச்சு குழறும். அவள் பேசுவது முழுதாகப் புரிவது எனக்கு மட்டும்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, படி ஏற மாட்டாள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் சனிக்கிழமைகளில் கருங்குழியில் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு பயிற்சி மையத்துக்கு அம்மா கூட்டிப்போவாள். அக்கா சொல்வதை மிஸ்ஸுக்கு எடுத்துச் சொல்ல நானும் போவேன். எங்களை விட்டுவிட்டு அம்மா ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெருக்கித் துடைக்கப் போய்விடுவாள்.

மத்தியானத்தில் மிஸ் ஒரு தகரப் பெட்டியைத் திறப்பார். போலீஸ் தொப்பி, நர்ஸ் கோட்டு, காக்கிச் சட்டை, ஜரிகை போன பட்டுப்பாவாடை எல்லாம் இருக்கும். பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு சட்டம்தான். யார் எதைப் போட்டார்களோ, மணி அடிக்கும் வரை அவர்கள் அதுதான். கண் தெரியாத ஒரு பையன் எப்போதும் காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு பஸ் டிரைவர் ஆகிவிடுவான். அவன் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் வாராவாரம் மகாபலிபுரம் போவோம்.

"படில நிக்காத, உள்ள வா. வுழுந்தா நானா பொறுப்பு?" என்று திட்டுவான். படியில் யாரோ நிற்பது இவனுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, டெய்லரிடம் வாங்கிய என் புதுச் சீருடை அம்மாவின் பையோடு மையத்தில் இருந்தது. எனக்குத் தொப்பியும் கோட்டும் சலித்துப்போயிருந்தன. அக்கா கழற்றி வைத்திருந்த பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நான்தான் அக்கா" என்றேன்.

மிஸ் கொஞ்சம் யோசித்தார். சட்டம் போட்டவரே அவர்தான். அதற்குள் அக்கா ஏதோ குழறினாள். அதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப அவ நானாம். யூனிபாரத்த குடுக்கணுமாம்."

நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. எல்லோரும் அவளை என் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை மிஸ் தூக்கிச் சுவரோரம் உட்கார வைத்தார். டிரைவர், "இஸ்கோலு பாப்பா, முன்னாடி பெஞ்சுல குந்து" என்றான். அவள் குந்தினாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தாள். அக்கா அவளைப் பார்த்து, திங்கட்கிழமை பள்ளிக்கூடம், தலை பின்னிவிடு என்றாள். எடுத்துச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் சீப்பை எடுத்துவிட்டாள்.

பூட்ஸோடு நிற்கும் என்னைப் பார்த்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, அக்காவை மடியோடு இழுத்து, இரட்டைச் சடை பின்ன ஆரம்பித்தாள். மிஸ் மணி அடித்தார். டிரைவர் காக்கிச் சட்டையைக் கழற்றித் தடவித் தடவி மடித்தான். அம்மா என் புது ரிப்பனைப் பிரித்தாள்.

"எம்மா, மணி அட்ச்சிட்டாங்க."

"இருடி" என்றாள்.

அக்கா சீருடையோடுதான் பஸ் ஏறினாள், அம்மாவின் இடுப்பில். பூட்ஸை நான் சுமந்தேன்.

"இன்னா பாப்பா, இஸ்கோலு தொறக்கறதுக்குள்ளயே யூனிபாரமா? எத்தினாவது?" என்றார் கண்டக்டர்.

அக்கா சொன்னது அவருக்குப் புரியவில்லை. "ஒண்ணாவது போறா" என்றாள் அம்மா.

"இந்தப் பாப்பா?" என்று என்னைக் காட்டினார்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிதான் அடித்தாகிவிட்டதே. அக்கா நான் என்றால், திங்கட்கிழமை போகப்போவது யார்? கருங்குழி வரும் வரை யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சீருடையைத் துவைத்துப் போட்டாள். புதுத்துணியை எதற்குத் துவைக்கிறாய் என்று அப்பா கேட்டார். திங்கட்கிழமை காலை, சரியாகக் காயாத பாவாடையை எனக்குக் கட்டிவிட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "முன்னாடி பெஞ்சுல குந்து" என்றாள்.

குந்தினேன். பள்ளிக்கூடத்து மணி அடித்தது. அம்மாவின் விளையாட்டும் இதோடு முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் நின்று பள்ளிக்கூடத்துப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் உயரமான படிகள் இல்லை. அதில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.