திருவிருந்துக்கு எழாதவர்கள்

தம்பிக்குப் பெண் பார்த்து, இரண்டு வீட்டிலும் கை நனைத்து, கோயம்புத்தூர் போய்க் கல்யாணச் சேலையும் எடுத்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். அம்மாவையும் என்னையும் சமையலறையில் உட்காரவைத்து, தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை, ஆண்கள்மேல்தான், நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான் என்று சொன்னான். மறுநாள் ஞாயிறு. ஆலயத்தில் முதல் ஓலை வாசிக்க வேண்டிய நாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை என்போம்.

அம்மா அடுப்பை அணைத்தாள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். எங்கள் அன்னூரில் குடிப்பழக்கத்துக்கும் கோபத்துக்கும் சோம்பலுக்கும்கூட இதே வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள். அந்த வைத்தியத்துக்கு மருந்தாக அரைபடுவது எப்போதும் ஒரு பெண்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

"மாறோணும்னு பள்ளிக்கூடம் போறப்ப இருந்து முழங்கால் போட்டிருக்கேனுங்கம்மா. மாறலை. ஒரு புள்ளைய ஏமாத்திப்போட்டு அப்பறம் நா எப்படி முழங்கால் போடறது?"

அன்று சாயந்தரமே அவன் எங்கள் சபை ஆயரைப் பார்க்கக் கிளம்பினான். நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். அவனை யாராவது ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்ல அக்கா ஒருத்தி வேண்டாமா?

அதற்குத் தேவையே வரவில்லை. ஆயர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். பீடத்துக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்யவேண்டாம், ஓலையை நிறுத்திவிடலாம் என்றார். காங்கேயத்தில் பெண் வீட்டாரைத் தானே போய்ப் பார்ப்பதாகவும், பையனுக்குச் சம்மதமில்லை என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வதாகவும் சொன்னார். சொன்னபடியே போய், அவர்கள் திட்டியதையெல்லாம் எங்களுக்குப் பதிலாக அவரே வாங்கிக்கொண்டு வந்தார். திட்டியதில் நியாயம் இருந்தது.

அன்று நாங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். தம்பி ஆராதனைக்கு வரலாம், பாடலாம், ஜெபிக்கலாம். மனம் தெளியும்வரை மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்தில் மட்டும் பங்கெடுக்க வேண்டாம். அதையும் அவன் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்பாகச் சொல்பவரிடம் என்ன சண்டை போடுவது? தம்பி சரிங்க என்றான்.

எனக்கும் வேதம் தெரியும். இதைப் பாவம் என்று சொல்ல எடுத்துக்காட்டும் வசனங்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிற துணிச்சல் எனக்கில்லை. ஆனால் அதே வேதத்தைப் படித்துத்தான் என் தம்பி, ஒரு பெண்ணிடம் பொய் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தான். எங்கள் சபையில் பெண்டாட்டியை அடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே தெரியும். மாதாமாதம் திருவிருந்துக்கு முதல் வரிசையில் போய் மண்டியிடுவார். அவர் மனம் தெளியும்வரை பொறுக்கச் சொல்லி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வரும், ஜெபம் வராது.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். யாரோ சொன்னார்கள் என்று தம்பியை ஈரோட்டில் ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒருவர் அவன் தலையில் எண்ணெய் ஊற்றி, மண்டையைப் பிடித்து உலுக்கிக் கத்தினாராம். திரும்பி வரும்போது சட்டை முழுக்க எண்ணெய். அம்மா அந்தச் சட்டையைத் துணி துவைக்கும் எந்திரத்தில் போடவில்லை. துவைக்கும் கல்லடியில் உட்கார்ந்து கையால் கசக்கினாள். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவனைக் கூப்பிடவில்லை. சாப்பிட வா என்பதைத் தவிர வேறு எதற்குமே கூப்பிடவில்லை.

எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் கேட்ட கேள்வியில்தான் அவளுக்கு இருந்தது வெறுப்பு இல்லை, பயம் என்று புரிந்தது.

"நா மேல போயிட்டா, இவன் அங்க வருவானா அம்மணி?"

தெரியாது என்றேன். பிறகு, என் வாய் சும்மா இருக்காதே, "அவன் வராத எடத்துல நீ மட்டும் என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டேன். அம்மா முன்பே உரித்த வெங்காயத்தை இன்னொரு தரம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. திருவிருந்துக்கு ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போக வேண்டும். எங்கள் வரிசையின் முறை வந்ததும், தம்பி வழக்கம்போல முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டான். மாதக்கணக்கில் அவன் இப்படி ஒதுங்கி உட்காருவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை. நினைவு தெரிந்து அவள் திருவிருந்தைத் தவறவிட்டதே கிடையாது, காய்ச்சலிலும் போயிருக்கிறாள். நான் குனிந்து கையைப் பிடித்தேன்.

"நீ போ. நா இவங்கூட இருக்கறேன்."

எனக்கும் போகப் பிடிக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் சபையில் வயதானவர்கள் படியேற முடியாமல் இருக்கையிலேயே இருந்துவிட்டால், கடைசியில் ஆயரே அப்பத்தையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் இடத்துக்கு வருவார். அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஆயர் அப்படித்தான் நினைத்துவிட்டார். எல்லாரும் முடிந்ததும் இறங்கி நேராக அவளிடம் வந்தார். முட்டி வலியாம்மா என்று மெல்லக் கேட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல், சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி அப்பத்தை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அம்மா அதை வாயில் போடவில்லை. இரண்டு விரலால் பிடித்து உடைத்தாள். அப்பளத்தைவிட மெல்லிய அப்பம். பாதியைத் தம்பியின் கையில் வைத்து, சின்ன வயதில் மருந்து கொடுத்துவிட்டு நிற்பாளே, அதே மாதிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ஆயரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான். நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாகவே அழுதேன்.

ஆயர் கையில் கிண்ணத்தோடு நின்றார். முகம் சிவந்துவிட்டது. அம்மாவுக்கும் கொடுக்கவில்லை, தம்பிக்கும் கொடுக்கவில்லை, திரும்பிப் பீடத்துக்குப் போய்விட்டார். ஆராதனை முடியும்வரை எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே போகும்போது ஆயர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பார். பக்கத்துக் கதவு வழியாகப் போய்விடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா கேட்கவில்லை. அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். எங்கள் முறை வந்ததும், ஆயர் கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முட்டியெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, ஐயா. அடுத்த மாசமும் நாங்க அங்கியேதான் உக்காந்திருப்போம்."

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"கொண்டாந்து தாரேனுங்கம்மா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார்.