அண்டாவும் விஜயபாண்டியும்

பரளச்சி ஊர்க்காரன் விஜயபாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் மைக் செட்டு திடீரென்று ஊமையாகிவிட, கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று எழுந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டான். "பஸ்ஸு வருதுன்னு ஓடி வந்தேன், பசு மாடுதான் எதிர வந்துச்சு" என்று தொடங்கும் அந்தப் பாட்டு அவனே கட்டியது. யாரோ அதை செல்போனில் பிடித்துப் போட, ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பார்த்துவிட்டது.

யூடியூப்காரர்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

"அண்ணே, நீங்க கஷ்டப்பட்டு வந்த கதையச் சொல்லுங்க."

விஜயபாண்டிக்குச் சொல்லும்படியான கஷ்டம் எதுவும் இல்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் மனசு வரவில்லை. "அஞ்சு வயசு வரைக்கும் எனக்குப் பேச்சே வரல. கம்மாய்த் தவளைகிட்ட கேட்டுத்தான் பாடிப் பழகுனேன்" என்றான். "தவளையிடம் பாட்டுக் கற்ற தங்கக்குரல்" என்று அன்றைக்கே வெளியாகிவிட்டது. இன்னொருவருக்குக் கனவில் வந்த சித்தரைக் கொடுத்தான். மூன்றாவது ஆள், "கண்ணு கொஞ்சம் கலங்குனா நல்லா இருக்கும்ணே" என்று கேட்டார். விஜயபாண்டி அடுப்படிக்குப் போய், மனைவி அமுதவள்ளி சின்ன வெங்காயம் உரிக்கிற இடத்தில் சற்று நேரம் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தான். பேச்சு வராத கதையைக் கண்ணீரோடு மறுபடி சொன்ன அந்தப் பேட்டியைப் பார்த்து அவன் மாமியாரே அழுதார். "மாப்பிள்ளைக்குப் பேச்சு வராதுன்னு சம்பந்தம் பேசையில சொல்லவே இல்லையே" என்று மகளிடம் கோபித்துக்கொண்டார்.

காரியாபட்டியில் ஒரு செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டினான். கறுப்புக் கண்ணாடியோடு ஃப்ளெக்ஸில் நின்றான். பிறகு வேறெங்கோ ஓர் ஆடு மொபெட்டில் உட்கார்ந்து போகிற வீடியோ வந்தது. ஊர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு, மதுரையிலிருந்து கிருஷ்ணப்ரியா என்ற பெண் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இசைக்கென்றே நடக்கும் சின்ன மாதப் பத்திரிகையில் எழுதுகிறவள். விஜயபாண்டி தொண்டையைச் செருமி, தவளையில் ஆரம்பித்தான்.

"கதை இருக்கட்டும்ணே. பாடுங்க."

பாடினான். அவள் முகம் தெளியவில்லை. காதில் ஹெட்போனை மாட்டி, பழைய வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"இதுல ஒரு தாளம் கேக்குதே. அது யாரு வாசிச்சது?"

"அதுவா? எம்பொண்டாட்டி ஓரமா அண்டா கழுவிக்கிட்டு இருந்தாம்மா. கரண்டியால தட்டியிருப்பா."

அமுதவள்ளியும் அண்டாவும் வரவழைக்கப்பட்டார்கள். அவள் தட்டத் தட்டப் பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அக்கா, நடுவுல ஒரு அடிய மட்டும் விட்டுர்றீங்களே, ஏன்?"

"இவுக அந்த எடத்துல மூச்சு வாங்குவாக" என்றாள் அமுதவள்ளி. "நான் அடிச்சா தாளம் முந்திப் போயிரும். அதான் நின்னு கூட்டிக்கிட்டுப் போறேன்."

அடுத்த மாதம் கட்டுரை வந்தது. ஒரு பக்கம் முழுக்க அமுதவள்ளி. பாடகரைப் பற்றி இரண்டே வாக்கியம்: "குரல் சுமார். சொல்லில் இருக்கும் குறும்பு அசல்."

டீக்கடையில் அதைப் படித்த விஜயபாண்டி, "சுமாராம்ல" என்று பத்திரிகையைச் சுருட்டி ஆட்டோ சீட்டுக்கு அடியில் திணித்தான். வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமுதவள்ளி அதைக் கண்டுகொள்ளவும் இல்லை.

ஆனால் வீரசோழன் ஊருக்கு லோடு ஏற்றிப் போகும்போது தனியாகப் பாடிப் பார்த்தான். அந்த இடத்தில் மூச்சு வாங்கத்தான் செய்தது. இத்தனை நாள் அவனுக்கே தெரியாது. ஆட்டோவை ஓரங்கட்டி, பத்திரிகையை எடுத்து மறுபடியும் படித்தான். இந்த முறை "குறும்பு அசல்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றான்.

"ஊரெல்லாம் என்னையப் பாத்தாக. பாட்டக் கேட்டது அந்தப் புள்ள ஒண்ணுதான்" என்று கூட்டாளி ராமசுப்புவிடம் சொன்னான். "பொய்ய நானே எத்தனை வேணும்னாலும் சொல்லிக்கிருவேன்லே. நெசத்தச் சொல்லத்தான் ஆளு வேணும்."

கட்டுரையைப் படித்த அருப்புக்கோட்டைக் கலைக்குழு ஒன்று அமுதவள்ளியைத் திருச்சுழித் திருவிழாவுக்கு அழைத்தது. வீட்டுக்காரர் பாடினால்தான் வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். நோட்டீசில் அவள் பெயர் மேலே பெரிதாகவும், அவன் பெயர் அதற்குக் கீழே சிறிதாகவும் அச்சாகியிருந்தன.

கேட்டவர்களிடம் எல்லாம் விஜயபாண்டி பொறுமையாக விளக்கினான்: "அகர வரிசப்படி போட்டிருக்காக."