வெயில் தாங்கும் என்று போட்டிருந்த புல்

என் அக்கா வீட்டுக்காரர் சகாயநாதனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட, மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துக் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். எங்கேயாவது ஈரம் கோத்திருந்தால் போச்சு. பந்தியில் பக்கத்து இலைக்காரன் யாராக இருந்தாலும், பிரியாணி வந்து சேர்வதற்குள் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்காமல் வழிய வாட்டம் எப்படிக் கொடுப்பது என்று அவனுக்கு முழுசாகத் தெரிந்துவிடும்.

நான் லூர்துபிரகாஷ். முதலியார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பெயிண்ட், பைப், ஆணி, பூட்டு விற்கிறவன். நியாயமாகப் பார்த்தால் வீட்டு ரிப்பேருக்கு யோசனை சொல்ல வேண்டியவன் நான். ஆனால் என் கடைக்கே வந்து என் கஸ்டமரிடம், "இம்மாம் பெரிய டப்பா எதுக்குப்பா? முதல்ல ஜன்னல் கம்பிய உப்புத்தாள் போட்டுத் தேய். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு அடி. நம்மது கடல்காத்து, துரு மேலயே பூசினா ஒரு மழைக்குத் தாங்காது" என்று சொல்லி, சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர் மாமா.

"என் பொழப்புல மண்ணப் போடறதுக்குன்னே பஸ் ஏறி வரீங்களா மாமா?" என்று கேட்டால், "அது உரிஞ்சு வந்தா அவன் உன்னத்தான் திட்டுவான் மச்சான். என்னையா திட்டுவான்?" என்பார். அவர் சொல்வது சரிதான். அதனாலேயே கோபம் கூடுதலாக வரும்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் அவர். வீடு அரியாங்குப்பத்தில். அந்தத் தெருவில் அவரிடம் யோசனை வாங்காத வீடு கிடையாது. கேட்டு வாங்கியவர்கள் பாதி, கேட்காமலே வாங்கியவர்கள் மீதி. அக்னி வெயிலுக்கு முன்னால் மாடிக்குச் சுண்ணாம்பு அடி, உள்ளே சூடு இறங்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக் குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை வழித்துப் போடு. சுவரை ஒட்டி விறகு அடுக்காதே, கரையானுக்கு நீயே ஏணி வைத்துக் கொடுக்கிறாய். இதெல்லாம் சாதாரணமாகச் சொல்வார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எந்த வீட்டிலாவது டேங்க் வழிந்தால் உள்ளே போய் அவரே மோட்டாரை நிறுத்திவிட்டு, "தண்ணியத் தொறந்தா பக்கத்துலயே நிக்கணும். வாசல்ல போய் கதை பேசக் கூடாது" என்று சத்தம் போட்டுவிட்டு வருவார். அவரைக் கண்டாலே மோட்டாரை நிறுத்துகிறவர்களும் உண்டு.

போன வருஷம் ஆடி மாதத்தில் ரோசா அக்காவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பேச்சு தப்பித்தது, கை திரும்பி வந்தது. காலும் வந்திருக்கும். கம்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் கூடத்து டைல்ஸில் வழுக்கி விழுந்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. மனசுதான் முறிந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் பிடித்தால் ஒழிய எழுந்து நிற்க மாட்டேன் என்றுவிட்டாள்.

அந்த டைல்ஸ் மாமா ரிட்டயர் ஆனதும் ஆசை ஆசையாகப் போட்டது. குளிர்ச்சியாக இருக்கும், துடைக்கச் சுலபம் என்று தெருவுக்கே சிபாரிசு செய்தது. அதை நினைத்து நினைத்து அவர் மருகினார்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மாதாகோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். சக்கர நாற்காலியில் கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு, "தள்ளிக்கிட்டுப் போய் நிறுத்த நான் என்னா தேரா? போனா நடந்து போறேன். இல்லன்னா வீட்லயே கெடக்கறேன்" என்றாள். சாமியார்தான் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வாங்கும்போதெல்லாம் அவள் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மா மாமாவிடம் தனியாகச் சொன்னார். "கால்ல பலம் இருக்கு சார். பயம்தான் விடல. விழுந்தாலும் அடிபடாதுன்னு தோணற மாதிரி மெத்துன்னு ஒரு தரை இருந்தா நடந்துடுவாங்க."

வீட்டுப் படிக்கும் கேட்டுக்கும் நடுவில் கொஞ்சம் மண் தரை உண்டு. நடுவில் ஒரு கொய்யா மரம், அதன் அடியில் ஒரு குழாய், சுற்றிலும் கேட்பாரற்று அருகம்புல். பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமி சதுர்த்திக்குச் சதுர்த்தி வந்து பிள்ளையாருக்கு அதில் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போவாள். மீன் வியாபாரம் செய்கிறவள், வாய்த்துடுக்கு. அந்த மண்ணில் புல்தரை போடுவது என்று மாமா முடிவு செய்தார். பணக்கார வீடு மாதிரி ஷோக்குப் பண்ணுகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எதற்கு என்று வீட்டில் எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்கினாள் சிந்தியா. மாமாவின் அண்ணன் மகள், பிரான்ஸில் இருக்கிறாள். சித்தப்பா போனில் புல் புல் என்று புலம்பியதைக் கேட்டு, பெட்டிக்குள் ஒரு பெரிய விதைப் பையைத் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். பையின் மேல் பச்சைப் பசேல் என்று ஒரு தோட்டம். மாமா சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"கஸோன்னா புல்தரை. இங்க பாரு மச்சான், ப்ளேன் சொலேய். முழு வெயிலும் தாங்கும்னு அவனே போட்டிருக்கான்."

எந்த ஊர் வெயில் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லாப் பொருளையும் புரட்டிப் புரட்டிக் குறை சொல்கிறவர், பிரெஞ்சில் எழுதியிருந்ததை மட்டும் வேத வாக்காக எடுத்துக்கொண்டார். அருகம்புல்லை வேரோடு கொத்தி எடுத்துக் கூடை கூடையாகப் பாக்யலட்சுமியிடம் கொடுத்தார். "இவ்ளோ அருகையும் எங்க ஒரு புள்ளையாரு எப்படிண்ணே தாங்குவாரு?" என்று அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனாள்.

பொங்கலுக்குப் பிறகு புல் வந்தது பாருங்கள், குறையே சொல்ல முடியாது. மெல்லிசாக, அடர்த்தியாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. அக்கா முதலில் படியில் உட்கார்ந்து பாதத்தை வைத்துப் பார்த்தாள். "கம்பளி மாதிரி இருக்குங்க" என்றாள். பிறகு மாமா கையைப் பிடித்துக்கொண்டு கொய்யா மரம் வரை. பிறகு அவர் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு. ஈஸ்டருக்குக் கோயிலுக்கு நடந்தே போய்விடுவாள் என்று நான் வீட்டில் சொல்லிவைத்தேன்.

வெயில் ஏற ஏறப் புல் ஓரத்தில் பழுத்தது. மாமா காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். ஆறும் கடலும் பக்கம் என்பதால் அங்கே போர் தண்ணீரில் உப்பு உண்டு. விட விட மண்ணில் வெள்ளை பூத்ததுதான் மிச்சம். ஈஸ்டர் வருவதற்குள் அது வைக்கோல் ஆகிவிட்டது.

அக்கா படியில் நின்று ஒருமுறை பார்த்தாள். "இதுவும் போச்சா" என்றாள். மாமா கையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனவள்தான், அதற்கப்புறம் வாசலுக்கு வரவில்லை.

மாமா யோசனை சொல்வதை நிறுத்திவிட்டார். எதிர் வீட்டு டேங்க் வழிந்து தெருவில் ஓடியபோது, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தாண்டிப் போனாராம். கடைக்கும் அவர் வரவில்லை. பெரிய பெரிய டப்பாவாக விற்றது, ஆனால் சந்தோஷமாக இல்லை. அந்த மனுஷன் வந்து என் வியாபாரத்தைக் கெடுக்க மாட்டாரா என்று இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பாக்யலட்சுமி மதில் மேல் எட்டிப் பார்த்து, ரோசா அக்கா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். கையில் ஒரு பிடி அருகம்புல். மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"அது எங்க கெடைச்சுது?"

"எங்கயா? நீங்கதானேண்ணே கூடை கூடையா குடுத்தீங்க. புள்ளையாருக்குப் போடறத குப்பையில கொட்ட மனசு வரல. பின்னால மீன் அலம்பற எடத்துல புதைச்சு விட்டேன். அது பாட்டுக்குக் கெடக்குது."

மாமா போய்ப் பார்த்தார். நிழலே இல்லாத இடம். தினமும் மீன் கழுவிய உப்புத் தண்ணீர்தான் அதற்கு. அந்த வெயிலில் பாய் விரித்த மாதிரி பச்சையாகப் படர்ந்திருந்தது. குனிந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"என்னாண்ணே, உங்க வீட்ல எடம் இல்லாம எங்க வீட்ல நடக்கறீங்க?" என்றாள் அவள்.

எனக்குப் போன் வந்தது. "மச்சான், கடைய சாத்திட்டு வா. வரும்போது ஒரு மண்வெட்டி எடுத்துக்கிட்டு வா." பழைய அதிகாரக் குரல். எரிச்சலோடு போனேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். மண்வெட்டி புதுசாகவே எடுத்துக்கொண்டு போனேன்.

செத்த புல்லைச் சுரண்டி எடுத்தோம். மண்ணைக் கொத்தி, மக்கிய சாணி எருவும் மணலும் கலந்து சமன் செய்தோம். அருகம்புல்லைக் கணுவோடு துண்டு துண்டாக வெட்டி, சாண் இடைவெளியில் பாக்யலட்சுமியும் சேர்ந்து நட்டாள். துளிர் பிடிக்கும் வரை மாமா தினமும் நனைத்தார். பிடித்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால், வாரத்துக்கு இரண்டு தரம், வேர் வரை இறங்குகிற மாதிரி நின்று நிதானமாகத் தண்ணீர் விட்டார். தினம் தினம் தெளித்தால் வேர் சோம்பேறியாகிவிடுமாம். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடிக்குமாம். தள்ளுகிற புல்வெட்டி ஒன்று என் கடை மூலமாக வரவழைத்தோம். அதிலும் மொட்டையடிக்கக் கூடாது, நுனியை மட்டும் எடுக்க வேண்டும், வெட்டிய தூளை அங்கேயே விட்டால் அதுவே எரு. இதையெல்லாம் போகிற வருகிறவர்களிடம் மறுபடியும் சொல்ல ஆரம்பித்திருந்தார். தெருவே கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டது.

இடையில் பெய்த கோடை மழையும் கைகொடுக்க, ஆடி பிறக்கும்போது தரை மூடிவிட்டது. ஆனால் அக்கா அசையவில்லை. மாமாவோடு நானோ பாக்யலட்சுமியோ சேர்ந்து பிடித்து அழைத்து வந்தால் படியில் உட்காருவாள். கம்பைச் சாய்த்துவிட்டு, பாதத்தைப் புல்லில் வைத்துக்கொள்வாள்.

"அது கம்பளி. இது கோரப்பாய்" என்பாள்.

"எழுந்து நின்னு பாரேன்" என்பார் மாமா.

"இதுவும் காஞ்சு போவும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்கு நாளைக்கு என்றே நாள் போனது. மாமா வற்புறுத்தவில்லை. அவள் தைரியத்தைத் தானே இரண்டு தரம் கெடுத்துவிட்டதாக அவருக்கு எண்ணம்.

ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனேன். என் கடைக் கூரை ஒழுகியது. கேட்கக் கூடாது என்று வீறாப்பாக இருந்தவன், பெயிண்ட் டப்பா நனைந்ததும் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அக்கா வழக்கம்போலப் படியில். மாமா கொய்யாவடிக் குழாயைத் திறந்து ஹோஸைப் புல்லில் போட்டுவிட்டு கேட்டுக்கு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், முகம் மலர்ந்துவிட்டது. மச்சான் வாய்விட்டு யோசனை கேட்கிறான். விடுவாரா?

"விரிசல் எங்க தெரியுதோ அங்க ஒழுகாது மச்சான். தண்ணி வேற எங்கயோ நுழைஞ்சு இங்க வந்து சொட்டும். மேல ஏறி முதல்ல கைப்பிடிச் சுவரோட ஓரத்தப் பாரு. சும்மா தாரப் பூசினா..." என்று தொடங்கியவர் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, என் தோளைப் பிடித்தபடி போய்க்கொண்டே இருந்தார். பின்னால் அக்கா "என்னங்க, தண்ணி" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. "என்னங்க" என்று மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை சூடாக. நான் வாயைத் திறந்தேன். "இரு, நான் முடிச்சுக்கறேன்" என்று என்னை அடக்கிவிட்டு, அவர் சிமெண்டில் எதைக் கலப்பது என்று ஆரம்பித்தார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, தண்ணியத் தொறந்தா பக்கத்துல நில்லுன்னு. உங்க வீட்டுக் கொழாய யாரு மூடறது? இந்தப் புல்லும் மெதந்து அழுகிப் போவணுமா?"

குரல் படியிலிருந்து வரவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மாமா திரும்பினார்.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். சேலைக் கரை நனைந்திருந்தது, பாதம் சேறு. கம்பு படியிலேயே சாய்ந்து கிடந்தது. படியிலிருந்து கொய்யா மரம் வரைக்கும், அங்கிருந்து கேட் வரைக்கும், நனைந்த புல் மிதிபட்டு அழுந்தியிருந்தது. மாமா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. சட்டென்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோபம் போய்ச் சின்னக் குரலில் சொன்னாள். "வந்துட்டேன். திரும்பிப் போறதுக்குத்தான் பயமா இருக்கு."

மாமா பதறிப் போய்க் கையை நீட்டினார்.

"கைய நீட்டாதீங்க. பக்கத்துல வாங்க, போதும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். கேட் கம்பியை விட்டுவிட்டு அவள் நடந்தாள். மெதுவாக, ஒரு காலை இழுத்து இழுத்து. கொய்யா மரத்தில் கை வைத்து ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டாள். படியில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"பிரகாஷு, நாளைக்குக் காலைல பூசைக்குக் கார் எடுத்துக்கிட்டு வந்துடு. அந்தச் சக்கர நாற்காலிய உள்ள போட்டுக்கிட்டு வராத."

சரி என்றேன். மாமா அவள் பாதத்துச் சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கூரைக்கான யோசனையை அவர் முடிக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.