ஐந்தாவது சாம்பிள்

பவித்ராவின் ரத்தத்தைச் சோதித்து டைபாய்டு என்று முதலில் கண்டுபிடித்தவள் பிரபாவதிதான். நெய்வேலியில் ஒரு தனியார் லேபில் டெக்னீசியன். பவித்ரா பக்கத்து குவார்ட்டர்ஸ் தேவயானியின் மகள், ஆறு வயது. தேவயானி வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாட்களில் பிரபாவதிதான் தயிர்சாதம் பிசைந்து ஊட்டுவாள். காய்ச்சல் முற்றிக் குடலில் ஓட்டை விழுந்தது. ஆபரேஷன் செய்தும் குழந்தை பிழைக்கவில்லை.

அதே குவார்ட்டர்ஸ் வரிசையில் இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல். குடிதண்ணீரில் கிருமி இல்லை. நால்வரின் ரத்தத்திலிருந்தும் வளர்த்தெடுத்த கிருமியைப் பிரபாவதி சென்னைக்கு அனுப்பினாள். அங்கே கிருமியின் டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். எந்தக் கிருமி எதன் வழி வந்தது என்பதுவரை தெரிந்துவிடும்.

சென்னை ஆராய்ச்சியாளர் செங்குட்டுவன் போனில் அழைத்தார்.

"நாலும் ஒண்ணுதான் மேடம். தண்ணி இல்லன்னா யாரோ ஒரு ஆள். எப்பவோ டைபாய்டு வந்து, பித்தப்பையில கிருமி தங்கியிருக்கும். அவங்களுக்குக் காய்ச்சலே இருக்காது. அங்க சமைச்சுக் குடுக்கறவங்க யாராவது இருக்காங்களா?"

பிரபாவதிக்குப் பத்தொன்பது வயதில் டைபாய்டு வந்திருந்தது. காய்ச்சல் பரவுவதற்குச் சில வாரம் முன்பு தன் மகள் பிறந்தநாளுக்குத் தயிர்வடை செய்து வரிசை முழுக்கக் கொடுத்ததும் அவள்தான்.

தன் மலத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியைப் பெயரில்லாமல், வெறும் எண் போட்டு அனுப்பினாள். அன்றிலிருந்து அடுப்பைத் தொடவில்லை. பட்டப்பகலில், சமையலறை வாசலில் பவித்ரா வாயைத் திறந்தபடி நிற்பதுபோல் இருக்கும்.

"என்னாத்துக்கு இப்படி ஒக்காந்துகினு இருக்க?" என்றான் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் அன்புமணி. அவள் கடைச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவன் முன்னால் நகர்த்தினாள்.

பன்னிரண்டாம் நாள் செங்குட்டுவன் மறுபடி அழைத்தார். "அஞ்சாவதும் அதேதான். யாரு மேடம் அது?"

"நான்தான் சார்."

அன்று மாலையே தேவயானி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"தேவி, கொழந்தைக்கு அது என்கிட்டேர்ந்துதான் போயிருக்கு. டெஸ்ட்ல வந்துட்டுது."

தேவயானி வெகுநேரம் அவள் கைகளையே பார்த்தாள்.

"முன்னாடியே தெரியுமாக்கா?"

"சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா உங்கள வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிருப்பேன். தெரியாதுங்கிறீங்க. இப்ப நான் யார என்னா பண்றது?"

கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே போனாள் தேவயானி. அடுத்த மாதமே திருவதிகையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரபாவதிக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். ஒரு மாதம் மாத்திரை. பிறகு மூன்று சோதனையிலும் கிருமி இல்லை. இனி சமைக்கலாம் என்றார் டாக்டர்.

முதல் நாள் கரண்டியால் சோற்றைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். மகள் தானே பிசைந்து சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த மகளின் நெற்றியைப் பிரபாவதி தொட்டுப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள்.