சுத்தமான ரிப்போர்ட்

அந்தத் தையல் ஆலையில் கழிப்பறைக்குப் போகிறவர், சூப்பர்வைசர் மேஜையருகே ஆணியில் தொங்கும் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரே அட்டை. காஜா மெஷினில் சட்டைக்குப் பட்டன் ஓட்டை போடுகிறவள் மாதாமாதம் சில நாட்கள் அதை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே இருப்பாள். அவளுக்குக் ‘குழாயக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போய் உட்கார்ந்தால் வருவதோ நாலு சொட்டு. அதற்கு அடிவயிறே கிழிகிற வலி. மூத்திரத்தில் ரத்தமும் தெரியும். மாதவிலக்கு நாள்தானே, எது எந்த ரத்தம் என்று யார் பிரித்துப் பார்ப்பது? அட்டை கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்தாள். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

கேட்க நாதியில்லாதவளும் இல்லை. நாத்தனாரே பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அக்கறையாகத்தான் சொன்னாள்.

“இப்ப வேணாம் அண்ணி. மூத்திரத்துல ரத்தம் கலந்துட்டா ரிப்போர்ட் தப்பா வரும். முடிஞ்சதும் வாங்க, நானே பாத்துத் தரேன்.”

முடிந்ததும் போவாள். அதற்குள் வலியும் போயிருக்கும். கிருமி இல்லை, எதுவும் இல்லை என்று சுத்தமாக ரிப்போர்ட் வரும். அடுத்த மாதம் மறுபடி வலி, மறுபடி சுத்தம். வருஷக்கணக்கில் இதே கூத்து.

“தங்கச்சியே பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்றா. நீ சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத” என்றார் வீட்டுக்காரர். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்! சூப்பர்வைசரோ, “ஒண்ணுமில்லன்னா எதுக்கு இத்தனை தடவை அட்டை?” என்று கேட்டார். கடைசியில், தான்தான் நடிக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஒரு நாள் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மூத்திரம் பிடித்துத் தரச் சொன்னார்.

“இப்ப வேணாங்க, முடிஞ்சதும் தரேன். ரத்தம் கலந்தா ரிப்போர்ட் தப்பா வரும்.”

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “வலி எப்பவும் இந்த நாள்லதான் வருதா?”

“ஆமாங்க.”

“இதை யார்கிட்டயும் சொல்லலையா?”

“எப்ப வருதுன்னு யாரும் கேக்கலையே.”

ஸ்கேன் எடுத்தார்கள். வீட்டுக்காரரையும் உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னார்.

“கர்ப்பப்பைக்குள்ள இருக்கற சவ்வு மாதிரி ஒண்ணு மூத்திரப்பைச் சுவர்ல வளந்திருக்கு. மாசாமாசம் அதுவும் வீங்கும், கசியும். இடது கிட்னியிலேர்ந்து வர்ற குழாயையும் நெருக்கிடுச்சு.”

“வெட்டி எடுத்துட்டா சரியாயிடுமாங்க?” என்றாள் அவள்.

“மூத்திரப்பையக் காப்பாத்திடலாம். வலது கிட்னி நல்லா இருக்கு. இடது பக்கம் செத்துப்போச்சும்மா.”

“அங்க ஒரு நாளும் வலிக்கலையே.”

“சில பேருக்குச் சத்தமில்லாமத்தான் போகும்.”

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு நாத்தனார் வந்தாள். மூத்திரம் வடியக் குழாய் போட்டுக் கட்டிலோரம் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

“நான்தான் அண்ணி, முடிஞ்சதும் வாங்கன்னு உங்களத் திருப்பி அனுப்பினேன்.”

குழாயக்காவுக்குக் கோபம் இருந்தது, கத்தத்தான் தெம்பில்லை.

“என் கிட்னி போனது போச்சு. இனிமே எவளாவது இந்த நாள்ல வந்து வலிக்குதுன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேளு. டாக்டர்கிட்டயாவது அனுப்பு. முடிஞ்சதும் வான்னு மட்டும் சொல்லாத.”

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“காலையில ஒரு பொண்ணு வந்தா அண்ணி” என்றாள். “முடிஞ்சதும் வான்னுதான் சொல்லி அனுப்பிட்டு வரேன்.”